கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர்களில் ராட் டீடோ ஏன் தனித்துப் பேசப்படுகிறார்?

வெற்றிக் கணக்கு ஒரு காரணம்தான். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1986 வரை பயிற்சியாளராக இருந்த டீடோ, 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து உட்பட, 11 தேசியப் பட்டங்களை வென்றார்; அவற்றில் 1948ஆம் ஆண்டுப் பட்டம் சாம் பாரியுடன் இணைந்து பயிற்சியளித்தபோது கிடைத்தது. மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில் ஆட்டக்காரராக அவர் கண்டதோ 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக வெறும் இரண்டு ஆட்டங்கள்.

சொந்தமாகச் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தியதால், பல்கலைக்கழகத்திடமிருந்து ஆண்டுக்கு ஒரு டாலரை மட்டுமே பெயரளவுச் சம்பளமாகப் பெற்றார். இன்று முன்னணிப் பயிற்சியாளர்கள் பெறும் ஊதியத்தை அறிந்தவர்களுக்கு இது நம்பக் கடினமாகவே இருக்கும்.

என் பார்வையில் அவருடைய உண்மையான திறமை, ஆட்டக்காரரை அவருக்குப் பொருந்தும் இடத்தில் நிறுத்துவதில் இருந்தது. பந்து வீச்சாளர்களாக வந்த டேவ் கிங்மேனும் மார்க் மெக்வயரும் அங்கேதான் மட்டையாளர்களாக மாறி, பின்னர் ஹோம் ரன்களுக்கு (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்கள்) புகழ்பெற்றனர். புகழ்பெற்ற பந்து வீச்சாளர்களான டாம் சீவர், ராண்டி ஜான்சன் ஆகியோரும் அவரிடம் பயின்றவர்களே.

தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் கல்லூரி உலகத் தொடரில், 1973இல் மினசோட்டாவுக்கு எதிராக 7-0 எனப் பின்தங்கியிருந்த அவருடைய அணி, கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் எட்டு ரன்கள் குவித்து வென்றது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பேஸ்பால் அதிகாரப்பூர்வப் பதக்கம் இல்லாத காட்சி விளையாட்டாக மட்டுமே இருந்தபோது, அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியளித்தார். இறுதி ஆட்டத்தில் அது ஜப்பானிடம் தோற்றது.