வாடகை வீட்டுக் குசினியைச் செலவில்லாமல் ஒழுங்குபடுத்த முடியுமா?

வாடகை வீட்டின் சிறிய சமையலறை ஒன்றை, கடையில் விற்கும் தட்டுகளையும் பெட்டிகளையும் வாங்காமல், வீட்டில் கழிபடும் பொருட்களைக் கொண்டே ஒழுங்குபடுத்த வழி உண்டா என்பது கேள்வி. உண்டு. ஆனால் இணையத்தில் காணும் படங்களில் உள்ளபடி செய்தால், எங்கள் பகுதியைப் போன்ற கடலோர ஊர்களில் அது ஒரு மாரிகாலத்தைக்கூடத் தாண்டாது. நான் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. குசினி எட்டடிக்கு ஏழடி. ஒரு யன்னல், ஒரு சீமெந்துத் தட்டு, அதன் கீழே வெற்றிடம், அவ்வளவுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கண்டிப்பாக விதித்த நிபந்தனை. மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். காலைச் சமையல் என் பொறுப்பு. ஆகவே இது, அரைத் தூக்கத்தில் கடுகைத் தேடி அலைந்த ஒருவனின் பதில் என்று கொள்ளலாம்.

முதலில் நான் கையில் எடுத்தவை டின்கள். பால்மா டின், பிஸ்கற் டின், டின்பால் பேணி என்று சேர்ந்திருந்த இருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கழுவி, ஒரே நிறப் பெயின்ட் பூசி, வரிசையாக அடுக்கியபோது பார்ப்பதற்கு மிக அழகாகத்தான் இருந்தது. நவம்பரில் மாரி தொடங்கியது. ஜனவரிக்குள் பாதிக்கு மேற்பட்டவை விளிம்பில் துருவேறி, கொச்சிக்காய்த்தூள் கட்டி பட்டுப் போனது. காரணம் பிறகுதான் விளங்கியது. டின் என்பது உண்மையில் இரும்புத் தகடு. அதன்மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு மட்டுமே உண்டு. நாம் மூடியை வெட்டித் திறக்கும் இடத்தில் அந்தப் பூச்சு அறுந்து இரும்பு வெளிப்படுகிறது. கடற்காற்றில் வரும் உப்பு அந்த விளிம்பில் படிந்து ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், துரு அங்கிருந்தே உள்ளே இறங்குகிறது. வெளியே எவ்வளவு பெயின்ட் பூசினாலும் பயனில்லை. இன்று எங்கள் குசினியில் எஞ்சியிருக்கும் டின் ஒன்றே ஒன்று: அரிசி அளக்கும் டின்பால் பேணி. அது ஏறத்தாழ ஒரு சுண்டு கொள்ளும் என்பதாலும், தினமும் கை படுவதால் துருப்பிடிக்க நேரமில்லாததாலும் அதை விட்டுவைத்திருக்கிறோம்.

எனவே எந்தப் பொருளை மறுபடி பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும்போது, அது ஈரத்தையும் உப்புக்காற்றையும் தாங்குமா என்பதையே நான் இப்போது முதலில் பார்க்கிறேன். அந்தச் சோதனையில் முதலிடம் பெறுவது கண்ணாடிப் போத்தல். ஜாம், ஊறுகாய், கோப்பி போத்தல்கள் எல்லா வீட்டிலும் சேருகின்றன. தூள் வகை, கடுகு, பெருஞ்சீரகம், வெந்தயம், மாசித்தூள் ஆகிய அனைத்தையும் அவற்றுக்கு மாற்றினோம். ஒட்டியிருக்கும் லேபிளின் பசையைப் போக்க, தேங்காயெண்ணெயும் சாம்பலும் குழைத்துப் பூசி அரை மணிநேரம் விட்டுப் பொச்சினால் தேய்த்தால் போதும். ஊறுகாய் மணம் போத்தலில் தங்குவதில்லை, மூடியின் உட்புறத்தில் உள்ள மெல்லிய வளையத்தில்தான் தங்குகிறது. அப்பச்சோடா கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து இரண்டு நாள் வெயிலில் காயவிடலாம். அப்படியும் போகாவிட்டால் அந்த மூடியை மிளகாய் வகைக்கு ஒதுக்கிவிடுங்கள், தேயிலைக்குக் கொடுக்க வேண்டாம். போத்தலைக் கொதிநீரில் போடுவதென்றால் அடியில் துணி விரித்துக் குளிர்ந்த நீரிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். நேரே கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும்.

அரிசிக்கும் பருப்புக்கும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள். பெரிய வாளி ஒன்றில் மொத்தமாகக் கொட்டி வைப்பதைவிட இது எனக்கு மேலாகத் தோன்றுவதற்குக் காரணம் வண்டு. வண்டின் முட்டை பெரும்பாலும் அரிசியோடேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாளியை நாளுக்கு இருமுறை திறக்கும்போது காற்றும் ஈரமும் முழு அரிசிக்கும் போகின்றன. போத்தலில் வைத்தால், திறந்திருக்கும் ஒரு போத்தலைத் தவிர மற்றவை கழுத்துவரை நிரம்பி, இறுக மூடியபடி இருக்கும். ஒரு போத்தலில் ஐந்து சுண்டு, அதாவது ஏறக்குறைய 1.2 கிலோ அரிசி பிடிக்கிறது. நிரப்புவதற்கு முன் அரிசியை வெயிலில் காயவிட்டு ஆறவைக்க வேண்டும். ஒரு காய்ந்த கொச்சிக்காயும் உள்ளே போடுவது எங்கள் வழக்கம். புனலுக்கு இன்னொரு போத்தலின் மேற்பகுதியை வெட்டிக்கொள்ளலாம். இந்தப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 70 பாகைச் செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால் சுடுநீரில் கழுவக் கூடாது. கழுவிய போத்தலைக் கவிழ்த்து முழுதாக இரண்டு நாள் காயவிடாமல் அரிசி போட்டால், கழுத்தடியில் தங்கிய நீர்த்துளி ஒன்றே பூஞ்சணம் பிடிக்கப் போதும்.

போத்தல்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது படுவான்கரையில் உள்ள அம்மாவின் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. சாக்கிலிருந்த அரிசி முழுதும் கெட்டுப்போக, அம்மா பயறும் உழுந்தும் போட்டு வைத்திருந்த மூடிய போத்தல்கள் மட்டும் குசினிக்குள் மிதந்துகொண்டிருந்தன. அதனால் சீமெந்துத் தட்டின் கீழே நிலமட்டத்தில் நனைந்தால் கெடும் எதையும் நான் வைப்பதில்லை; அங்கே சட்டி, பானை, போத்தல் மட்டுமே.

அடுத்தது தயிர்ச்சட்டி. எருமைத் தயிர் வாங்காத வீடு இங்கே குறைவு. வெறுஞ்சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கம். சுடுமண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் அது காற்றை விடும், ஈரத்தை உறிஞ்சும். வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. ஆனால் அதே துளைகளில் தயிரின் கொழுப்பும் ஏறியிருக்கும். சவர்க்காரம் போட்டால் அதையும் சட்டி உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சுடுநீரில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று நான்கு நாள் வெயிலில் வைப்பதே சரி. உப்பை மட்டும் அதில் போடாதீர்கள். நான் போட்டேன்; சில வாரங்களில் சட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்து, மண் செதில் செதிலாக உதிர்ந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். எங்கள் மாரியில் அது நாள்தோறும் நடப்பது. உப்பு இப்போது சிரட்டை மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில், தூள் வகைகளிலிருந்து தள்ளி இருக்கிறது.

இரண்டு மண்சட்டிகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து, இடைவெளியை ஈரமணலால் நிரப்பி, ஈரத்துணியால் மூடினால் மரக்கறி வாடாமல் இருக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் உட்சட்டி குளிர்கிறது. கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில் கீரையும் கறிவேப்பிலையும் இரண்டு நாள் வரை வாடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது நீர் ஆவியாவதில்லை. சட்டி குளிர்வதற்குப் பதிலாக உள்ளிருப்பதை அழுகவைக்கிறது. ஐப்பசி பிறந்ததும் மணலைக் கொட்டிவிட்டுச் சட்டிகளை வேறு வேலைக்கு எடுத்துவிடுகிறோம். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு ஒரே சட்டியில் வைக்க வேண்டாம். கிழங்கிலிருந்து கசியும் ஈரத்தில் வெங்காயம் அழுகும், கிழங்கும் சீக்கிரம் முளைவிடும். கிழங்குக்கு நாங்கள் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றைப் பையாகக் கட்டி, வெளிச்சம் படாத மூலையில் தொங்கவிட்டிருக்கிறோம். வலையை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசியபின்பே கொண்டுவாருங்கள். கடலுப்பு ஒட்டியிருந்தால் எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை, ஓட்டுக் கூரையைத் தாங்கும் மரவளை ஒன்று குசினிக்கு நடுவே போவதால் தாண்ட முடிந்தது. சைக்கிள் திருத்தும் கடையில் கழித்துப் போட்ட சக்கர வளையம் ஒன்றை இனாமாகத் தந்தார்கள். அதைப் படுக்கை வாட்டத்தில், நைலோன் கயிற்றால் மூன்று இடங்களில் கட்டி, வளையில் தொங்கவிட்டோம். பழைய சக்கரக் கம்பிகளைக் குறட்டினால் இருபுறமும் வளைத்தால் கொக்கிகள் கிடைக்கும். அகப்பை, கரண்டி, வடிதட்டு, பிட்டுக்குழல், சின்னத் தாச்சி எல்லாம் இன்று அந்த வளையத்தில்தான். அம்மம்மா வீட்டு உறியை நினைத்துக்கொண்டு செய்தது இது. எலிக்கும் பூனைக்கும் எட்டாது என்ற உறியின் நன்மை இதற்கும் உண்டு. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் தொங்கவிடாதீர்கள், எண்ணெய்ப் புகை படிந்து ஒரு மாதத்தில் எல்லாமே ஒட்டும். கொக்கிகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அவையும் இரும்புதான்.

தட்டுக்குப் பதிலாகப் பழக்கடையின் மரப்பெட்டிகள் நான்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்றோடொன்று கம்பியால் கட்டினோம். கப்பலில் பொருள் வரும் மரத்தட்டுகளின் பலகையைப் பயன்படுத்துவோர் அதில் பொறித்திருக்கும் ஆங்கில முத்திரையைப் பார்க்க வேண்டும்: எச்.ரி. என்றிருந்தால் வெப்பமூட்டிய மரம், பாதகமில்லை, எம்.பி. என்றிருந்தால் நச்சுப்புகை ஏற்றிய மரம், குசினிக்கு வேண்டாம். அட்டைப்பெட்டியை வெட்டி லாச்சிக்குத் தடுப்பு வைக்கும் யோசனையையும் நான் ஏற்பதில்லை. ஈரம் குடித்த அட்டையும் அதன் பசையும் கரப்பான்களுக்கு உணவும் உறைவிடமுமாகும்.

எறும்புக்குப் பெட்டிகளின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துவது பழைய வழி, இன்றும் அதுவே சிறந்தது. ஆனால் அந்த நீரில் நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஏறக்குறைய பத்து நாளே போதும். டெங்கு தலைகாட்டும் மாதங்களில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்கும்வரை காத்திராமல், நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து, வெள்ளிக்கிழமை தோறும் ஊற்றிவிட்டு மாற்றுகிறேன். பின்னர் பயன்படுமே என்று கொல்லையில் குவித்து வைக்கும் சட்டி, சிரட்டை, வெட்டிய போத்தல் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்: மழை படாத இடத்தில் வைக்க முடியாவிட்டால் வைத்திருக்கக் கூடாது.

சில பொருட்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உணவுக்கு ஆகாதவை. பெயின்ட் வாளியைக் கரியும் சிரட்டையும் போடப் பயன்படுத்தலாம், அரிசிக்கு ஒருபோதும் வேண்டாம். அம்பாறைப் பக்கம் வயல் செய்யும் வீடுகளில் பூச்சிநாசினிப் போத்தல்கள் உறுதியாகவும் அழகாகவும் இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. அதேபோல் மண்ணெண்ணெயையோ கழுவும் திரவங்களையோ சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது மண்ணெண்ணெய் என்று தெரியும், தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குத் தெரியாது.

அடுக்கும் முறையைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. தாளிக்கும்போது கை நீட்டினால் எட்டுமிடத்தில் கடுகும் பெருஞ்சீரகமும், தேயிலையும் சீனியும் ஒரே பெட்டியில், மாதம் ஒருமுறை எடுப்பவை உயரத்தில். மருதமுனைக் கைத்தறிச் சாரன் பழையதாகும்போது நான்காக வெட்டினால் கைபிடி துணிகள் கிடைக்கும். பருத்தி என்பதால் நன்றாக உறிஞ்சும், சூடும் தாங்கும்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள் என்பதால் அதையும் எழுதுகிறேன். நைலோன் கயிறு, கட்டுக்கம்பி, பெயர் எழுதும் பேனை எல்லாம் சேர்த்து எனக்கு முடிந்தது 1,950 ரூபாய். அதில் 1,100 ரூபாய், பிறகு துருப்பிடித்துப்போன அந்த டின்களுக்குப் பூசிய பெயின்டுக்குப் போனது.