வெள்ளிக்கிழமை ஆபரேஷனா, செவ்வாய்க்கிழமையா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு வரும் வெள்ளி, இல்லாவிட்டால் அடுத்த செவ்வாய் என்று மருத்துவமனையில் தேதி தருகிறார்கள். எந்த நாளானாலும் பேக்கேஜ் கட்டணம் ஒன்றுதானாம். செவ்வாய் வேண்டவே வேண்டாம் என்கிறார் அம்மா. எதை எடுப்பது? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆபரேஷன் நாளை விடுங்கள், அதற்கு அடுத்த இரண்டு நாட்களைப் பாருங்கள். இப்போதெல்லாம் அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். முட்டி மடங்குகிறதா, கழிவறை வரை நடக்க முடிகிறதா, படி ஏற வருகிறதா என்று பிசியோ பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வெள்ளி ஆபரேஷன் என்றால் அந்தப் பிசியோ வரவேண்டிய நாட்கள் சனியும் ஞாயிறும். ஞாயிறன்று ஆளே வராத மருத்துவமனைகள் உண்டு. அம்மா படுத்தே கிடப்பார், அறை வாடகை மட்டும் நடக்கும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. வியாழன், வெள்ளியில் ஆபரேஷன் ஆனவர்கள், வாரத் தொடக்கத்தில் ஆனவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகத் தங்குவதாகவும், செலவும் கூடுவதாகவும் அமெரிக்க ஆய்வுகள் சில காட்டுகின்றன. வித்தியாசம் பெரியதில்லை, பயப்பட வேண்டாம்.

‘பேக்கேஜ் ஒன்றுதான்’ என்பது பாதிதான் உண்மை. அதில் எத்தனை நாள் என்று கேளுங்கள். நான்கு நாள் என்றால் ஐந்தாம் நாளிலிருந்து அறை, நர்சிங், டாக்டர் விசிட், பிசியோ எல்லாம் தனித்தனியாக ஏறும். நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டிய அறைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. செயற்கை மூட்டின் விலை தேதியைப் பொறுத்து மாறாது. அதற்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது (அப்போது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், வரி தனி). ஆக, தேதியால் பில்லில் கூடுவதும் குறைவதும் தங்கும் நாள் கணக்குதான்.

கேஷ்லெஸ் காப்பீடு (மருத்துவமனை பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) இருந்தால் இன்னொன்று. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும், தாமதத்தால் கூடும் தொகையை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆனால் மருத்துவமனை பில்லை அனுப்பிய பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஞாயிறன்று டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போட டாக்டர் இல்லை என்று திங்கள் மதியம் வரை உட்கார வைத்தால் அது உங்கள் கணக்கு.

எனவே சனி, ஞாயிறு பிசியோ உண்டா, ஞாயிறு டிஸ்சார்ஜ் நடக்குமா என்று கேட்டு, பேக்கேஜ் நாள் கணக்கையும் சேர்த்து எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தந்தால் வெள்ளியே போதும், அம்மாவுக்கும் நிம்மதி. வாயால் மழுப்பினால் செவ்வாய்தான். காலையில் முதல் கேஸாகக் கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் முடிந்தால் அன்று மாலையே நடக்க வைக்க நேரம் கிடைக்கும். செவ்வாய் ராகு காலம் மாலை மூன்றுக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம்!

கேள்வி: காப்பீடு எடுத்து 20 மாதம் ஆகிறது. இப்போதே முட்டி மாற்றிக்கொள்ளலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாலிசியில் ‘காத்திருப்புக் காலம்’ பகுதியைப் படியுங்கள். தேய்மானத்துக்கான மூட்டு மாற்றுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம். அதற்கு முன் போனால் முழுப் பணமும் கைக்காசு. விபத்தால் வந்த பாதிப்பு என்றால் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஏற்கெனவே இருந்த நோய் என்று குறித்திருந்தால் வேறு கணக்கு, அது 36 மாதம் வரை போகலாம்.

தேய்மானம் அவசர நோயல்ல. டாக்டர் சம்மதித்தால் நான்கு மாதம் பொறுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்து, தொடைத் தசைப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். நடுவில் புதுப்பிக்கும் தேதியைத் தவற விட்டுவிடாதீர்கள். வீடு திரும்பிய பின் 60 நாள் வரையான செலவும் பல பாலிசிகளில் கிடைக்கும். வீட்டுக்கு வரும் பிசியோவுக்கும் கேட்க வேண்டுமானால், டாக்டர் சீட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும், பணம் கட்டிய ரசீதும் கையில் இருக்க வேண்டும்.