55 இன்ச் டிவி, 42 இன்ச் ஸ்டாண்ட்: ஆட்டம் ஏன்?

42 இன்ச் அகல ஸ்டாண்டில் வைத்த 55 இன்ச் டிவி ஆடுகிறது, வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஸ்டாண்ட் போதாது, மாற்றிவிடுங்கள். 55 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. டிவியின் அகலமே சுமார் 48 இன்ச் வரும். 42 இன்ச் ஸ்டாண்டில் இரு பக்கமும் ஏறக்குறைய 3 இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஒன்றரை வயதுக் குழந்தை எட்டிப் பிடிக்க அது தாராளம்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கால்கள்தான். இப்போது வரும் பல டிவிகளுக்கு நடுப்பீடம் இல்லை, இரண்டு ஓரத்திலும்தான் கால். அவை ஸ்டாண்டின் விளிம்பிலேயே நிற்கின்றனவா பாருங்கள்.

1. கால்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே டேப் வைத்து அளங்கள். புது ஸ்டாண்ட் அதைவிட மட்டுமல்ல, டிவியைவிடவும் அகலமாக இருக்கட்டும்.
2. காலின் முன்நுனி முதல் பின்நுனி வரை அளங்கள். மேற்பலகையின் ஆழம் அதைவிடச் சில இன்ச் கூடுதலாக வேண்டும்.
3. டிவியை இறக்கிவிட்டு ஸ்டாண்டை மட்டும் ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் திருகு தளர்ந்திருக்கும், இல்லையேல் தரை சமமில்லை.

ஒன்று மட்டும்: எவ்வளவு கனமான ஸ்டாண்ட் வாங்கினாலும் டிவியைப் பட்டை போட்டுச் சுவரோடு கட்டியே ஆக வேண்டும். டிவியின் முதுகில், சுவரில் மாட்டுவதற்கான ஓட்டைகளில் மேல் இரண்டு இதற்கு உதவும். திருகின் நீளத்தைக் கையேட்டில் பாருங்கள், நீளம் கூடினால் உள்ளிருக்கும் பாகத்தைக் குத்திவிடும். ஜிப்சம் பலகைச் சுவரானால் உள்சட்டம் (பலகைக்குப் பின்னால் அதைத் தாங்கும் மர அல்லது உலோகச் சட்டம்) இருக்கும் இடத்தில் துளையிடுங்கள். இழுப்பறை உள்ள ஸ்டாண்ட் என்றால் அதையும் சுவரோடு கட்டுங்கள், குழந்தைகள் இழுப்பறையைத் திறந்து படியாக்கி ஏறுவார்கள்.