டீமக்ஸில் ஷார்ட்கட்களை உங்கள் வசதிக்கு எப்படி மாற்றி வைத்திருக்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். நாங்கள் செய்கிற இணையத்தளங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். டீமக்ஸ் என்பது ஒரே டெர்மினல் திரையைப் பல பகுதிகளாகப் பிரித்து வேலை செய்ய உதவும் மென்பொருள். அதில் மூன்று பேன் (திரைப் பகுதி) திறந்து, மூன்று மொழிக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்துவேன். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தட்டும் கைக்கு எது ஒத்துவந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ப்ரிஃபிக்ஸ், அதாவது டீமக்ஸ் ஷார்ட்கட்டுக்கு முன்னால் அழுத்தும் விசை. டீமக்ஸின் முதல் வடிவம் ஸ்க்ரீன் என்ற பழைய மென்பொருளுக்குள் இருந்தே எழுதப்பட்டது. ஸ்க்ரீனுடைய கன்ட்ரோல்-ஏ-உடன் மோதாமல் இருக்கத்தான் டீமக்ஸின் ப்ரிஃபிக்ஸாகக் கன்ட்ரோல்-பி வந்தது. ஸ்க்ரீன் பாவிக்காதவர்களுக்கு அந்தக் காரணமே இல்லை, தாராளமாகக் கன்ட்ரோல்-ஏ வைக்கலாம். பேஷில் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் ஷெல்) வரியின் தொடக்கத்துக்குப் போவதும் அதே விசைதான் என்பதால், அதை 'சென்ட்-ப்ரிஃபிக்ஸ்' கட்டளைக்கும் பைண்ட் செய்துவிடுங்கள், அதாவது அந்த விசையோடு இணைத்துவிடுங்கள். இரண்டு தடவை அழுத்தினால் பேஷுக்குப் போய்ச் சேரும். பலர் கன்ட்ரோல்-ஸ்பேஸ் நல்லது என்பார்கள். என் கணினியில் அது தமிழ்-ஆங்கிலம் மாற்றும் விசை, அதனால் சரிவரவில்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேன்களுக்கு இடையே போக, விம் எடிட்டரில் போல எச், ஜே, கே, எல் (இடம், கீழ், மேல், வலம்) வைத்திருந்தேன். தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது ப்ரிஃபிக்ஸ் வேலை செய்யும், அடுத்த விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. டீமக்ஸுக்குப் போவது 'எச்' அல்ல, 'க' என்று புரிய எனக்கு நாட்கள் எடுத்தது. தமிழ்99 விசைப்பலகையில் அந்த நான்கு விசைகளில் இருப்பவை க, ப, ம, த. டீமக்ஸ் யூனிகோட் எழுத்துகளையும் விசையாக ஏற்கும். ஆகவே டீமக்ஸின் அமைப்புகளை எழுதும் கான்ஃப் கோப்பில் அதே 'செலக்ட்-பேன்' கட்டளைகளை இந்த நான்கு எழுத்துகளுக்கும் இன்னொரு முறை எழுதினேன். அடுத்த விண்டோவுக்கு (பேன்கள் அடங்கிய முழுத் திரைக்கு) போகும் 'என்' விசைக்கு 'ல'. இப்போது மொழியை மாற்றாமலே நகர்கிறேன். உங்கள் உள்ளீட்டு முறை அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்து எழுத்தை அனுப்பும் வகை என்றால் இது உடனே வேலை செய்யாது. எழுத்தை நேரடியாக அனுப்பும் லேஅவுட் வேண்டும்.

இந்த நான்கு விசைகளின் பைண்ட் வரியிலும் '-ஆர்' போடாதீர்கள். அது போட்டால் முதல் அழுத்தத்துக்குப் பிறகு அரை விநாடிக்கு ப்ரிஃபிக்ஸ் இல்லாமலே விசை வேலை செய்யும். பேன் மாறிய கையோடு 'கட்டணம்' என்று தட்டினால் முதல் 'க' எழுத்தாக விழாது, பேன் மறுபடி இடப்பக்கம் தாவிவிடும். தமிழில் க, ப, ம, த-வில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். பேனின் அளவை மாற்றும் அம்பு விசைகளுக்கு '-ஆர்' அருமையாகப் பொருந்தும். அப்புறம், 'எல்' ஏற்கெனவே கடைசியாக இருந்த விண்டோவுக்குத் திரும்பும் விசை. நான் அந்த வேலையை டேப்புக்கு மாற்றிவிட்டேன்.

கான்ஃப் கோப்பைத் திருத்தியதும், அதை மறுபடி படிக்க வைக்கும் 'சோர்ஸ்-ஃபைல்' கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் ஒரு பைண்ட் வரியை அழித்துவிட்டு 'சோர்ஸ்-ஃபைல்' கொடுத்தால் அந்த விசை போகாது, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸ் சேர்வர் அதை நினைவில் வைத்திருக்கும். 'அன்பைண்ட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ப்ரிஃபிக்ஸும் கேள்விக்குறியும் அழுத்துங்கள், அந்த நேரத்தில் உண்மையில் எந்த விசைக்கு என்ன இருக்கிறது என்று காட்டும்.