அமெரிக்காவோட 1974 அலுமினிய ஒரு சென்ட் காச ஏன் யாரும் வெளிப்படையா விக்க முடியல? பேட்டர்ன் காயின்னா என்ன?

பேட்டர்ன் காயின்னா புது டிசைனோ புது உலோகமோ சரிவருமான்னு பாக்க மின்ட் (அரசாங்கத்தோட காசு அடிக்கிற ஆலை) அடிச்சுப் பாக்குற சாம்பிள் காசு, அவ்ளோதான். கல்யாணப் பத்திரிகைக்கு பிரஸ்ல முதல்ல ஒரு சாம்பிள் காட்டுவாங்கல்ல, அது மாதிரி.

1973ல அமெரிக்காவுல செம்பு விலை ஏறி, ஒரு சென்ட் காசுல இருக்குற செம்பே ஒரு சென்ட்டத் தாண்டிடும்போல ஆகிடுச்சு, அதனால 1974ன்னு வருஷம் போட்டு அலுமினியத்துல 15 லட்சத்துக்கு மேல அடிச்சாங்க, கொஞ்சத்த அமெரிக்க காங்கிரஸ் (அந்த நாட்டு பார்லிமென்ட் மாதிரி) ஆளுங்ககிட்ட சாம்பிளா குடுத்தாங்க. வெண்டிங் மெஷின் கம்பெனிக்காரங்க எதிர்த்தாங்க, குழந்தைங்க முழுங்கிட்டா எக்ஸ்ரேல சரியா தெரியாதுன்னு டாக்டருங்களும் சொன்னாங்க (நியாயமான பயம்தான்). திட்டம் செத்துச்சு, காச உருக்கிட்டாங்க, ஆனா குடுத்ததுல சிலது திரும்பி வரவே இல்ல. ஒண்ணு ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு.

இங்கதான் சிக்கல். 19ஆம் நூற்றாண்டு அலுமினிய பேட்டர்ன்லாம் தாராளமா கை மாறுது, எகிப்து ராஜா ஃபாரூக் கலெக்‌ஷன்ல இருந்த பேட்டர்ன்லாம் 1954ல கெய்ரோவுல ஏலமே போச்சு, அந்தப் பேரு ஒட்டியிருந்தா விலையும் கூடும். 1974 சென்ட்ட மட்டும் அரசாங்கம் தன்னோட சொத்துன்னு சொல்லுது. டென்வர் மின்ட்ல பெரிய பொறுப்புல இருந்த ஒருத்தரோட மகன்கிட்ட ஒண்ணு கிடைச்சு, கேஸ் ஓடி, 2016ல திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

வெள்ளையா இருக்குற 1974 சென்ட் எல்லாம் அலுமினியம்னு நெனச்சுக்காதீங்க, பெரும்பாலும் முலாம் பூசினதுதான், எடை போட்டா தெரிஞ்சிடும்: அலுமினியம் ஒரு கிராம்கூட வராது, சாதா காசு 3.11 கிராம்.