பதில்: ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் எக்ஸ் அச்சு நகர்ந்துபோகிறது

வணக்கம். உங்கள் சிஎன்சி இயந்திரத்தின் மேசை அசையாமல் நிற்கும்போதே, ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரைப் போட்டால், எக்ஸ் அச்சு என்கோடரின் (சுழற்சியைத் துடிப்புகளாகத் தரும் உணரி) எண்ணிக்கை ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிஐடி எண்களைத் தொடாதீர்கள். குற்றம் அங்கே இல்லை.

என்கோடர் ஏ, பி என இரண்டு சேனல்களில் துடிப்பு அனுப்பும்; இரண்டையும் ஒப்பிட்டால் திசை தெரியும். உங்கள் நிரல் ஏ சேனலின் ஏறுவிளிம்பை (துடிப்பு மேலேறும் கணத்தை) மட்டும் இண்டரப்டில், அதாவது துடிப்பு வந்ததும் மற்ற வேலையை நிறுத்தி, எண்ணுகிறது. பி மாறாமல் நிற்க, ஏ-யில் வரும் ஒவ்வொரு இரைச்சல் துடிப்பும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு சேனல்களின் எல்லா விளிம்புகளையும் எண்ணினால், அதே துடிப்பு ஒன்று கூட்டி ஒன்று கழித்து ரத்தாகிவிடும். ஆனால் கோட்டுக்கு நான்கு விளிம்பு என்பதால், 600 கோட்டு என்கோடருக்குச் சுற்றுக்கு 2400 எண்ணிக்கை. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 1,20,000. அர்டுயினோ யூனோ போர்டின் இண்டரப்ட் அதற்கு ஈடுகொடுக்காது. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்குங்கள். அதன் டைமரில் என்கோடர் மோடு உண்டு, வன்பொருளே எண்ணும், இரைச்சல் வடிகட்டியும் அதிலேயே இருக்கிறது.

வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டும். என்கோடர் பக்கம் ஏஎம்26எல்எஸ்31 (சமிக்ஞையை ஒன்றுக்கொன்று எதிரான இரு கம்பிகளில் அனுப்பும் சிப்), போர்டு பக்கம் ஏஎம்26எல்எஸ்32 (அதைப் பெறும் சிப்), நடுவே முறுக்கிய ஜோடிக் கேபிள், பெறும் முனையில் 120 ஓம் மின்தடை. கேபிளின் ஷீல்டை (வெளி உலோக உறையை) போர்டு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு சிங்கப்பூர் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: என்கோடர் வயர் அறுந்தால், மேசை நகரவே இல்லை என்று நிரல் எண்ணி, மோட்டார் முழு வேகத்தில் பாயும். நிலைப்பிழை (இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு) வரம்பு மீறினால் மோட்டார் டிரைவ் நிற்கும்படி இன்றே நிரலில் சேர்த்துவிடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டார் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.