டேட்டனுக்கு வரும் தம்பிக்கு

ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டனை அடுத்த ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர வருவதாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. வாடகை, மளிகை, கார், குளிர் எல்லாம் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் இதையும் கேட்டிருக்கிறீர்கள்: "ரைட் சகோதரர்களைத் தவிர டேட்டனிலிருந்து பேர் சொல்லும்படி யாராவது வந்திருக்கிறார்களா அக்கா? அது செத்துப்போன ஊர், ஒரு பருவம் படித்துவிட்டு டெக்சாஸ் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விடு என்று சீனியர்கள் சொல்கிறார்கள்."

முதல் நான்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். கார் முதல் பருவத்துக்கு வேண்டாம், அதன் பிறகு வேண்டும். துவரம்பருப்பும் புளியும் இட்லி அரிசியும் கிடைக்கும். ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பி வராதீர்கள், இந்தக் குளிருக்கு அது காணாது. மற்றதையெல்லாம் உங்கள் சீனியர்களே சொல்வார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் கேட்காதீர்கள்.

அதே கேள்வியை நானும் கேட்டவள். தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆறு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, 1998 ஜனவரியில் இங்கே வந்து இறங்கினேன். கணவருக்கு வேலை விசா, எனக்குத் துணைவருக்கான எச்-4 விசா. அன்றைக்கு எச்-4 என்றால் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. இருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு அவர் காலை ஏழு மணிக்குப் போய்விடுவார். சன்னலைத் திறந்தால் பனி. தெருவில் நடக்கிற மனிதர் ஒருவரும் இல்லை. காய்காரியின் குரல் இல்லை, கோயில் மணி இல்லை. மூன்று வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான்காவது வாரம், தலைக்கு மேல் மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் பஸ்ஸில் ஏறி, நகர மையத்தில் இருந்த நூலகத்துக்குப் போனேன். என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று அங்கிருந்த அம்மையார் கேட்டார். இந்த ஊரில் பிறந்தவர்கள் யாராவது எழுதியிருந்தால் கொடுங்கள் என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தது பால் லாரன்ஸ் டன்பரின் கவிதைகள்.

டன்பர் 1872இல் டேட்டனில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இங்கே சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பின மாணவர். பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியரும் அவர்தான். ஆர்வில் ரைட் அவருடைய வகுப்புத் தோழர். 1890இல் டன்பர் கறுப்பின மக்களுக்காக ஒரு செய்தித்தாள் தொடங்கியபோது அதை அச்சடித்துக் கொடுத்தது ஆர்வில்தான். விமானத்துக்கு முன்னால், சைக்கிளுக்கும் முன்னால், ரைட் சகோதரர்களின் தொழில் அச்சகம். படிப்பு முடிந்ததும் டன்பர் பத்திரிகை அலுவலகங்களில் வேலை தேடினார். நிறத்தைப் பார்த்து இல்லை என்றார்கள். கடைசியில் கிடைத்தது, கலஹன் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை. வாரத்துக்கு 4 டாலர். மாடிக்கும் தரைக்கும் இடையே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுதினார். கடன்பட்டு முதல் தொகுப்பை அச்சிட்டு, லிஃப்டில் ஏறியவர்களிடமே ஒரு பிரதி ஒரு டாலர் என்று விற்றுக் கடனை அடைத்தார். சில ஆண்டுகளிலேயே நாடறிந்த கவிஞராகிவிட்டார். காசநோய் அவரை 1906இல், 33 வயதில் கொண்டுபோய்விட்டது.

அந்த நூலக நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது என் கண்ணீர் அடங்கவில்லை. அவர் பட்டதும் நான் பட்டதும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் படித்த படிப்புக்கு ஒரு வாசலும் திறக்காத ஊரில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

இங்கேதான் உங்களை எச்சரிக்க வேண்டும். "டேட்டனின் மேற்குப் பக்கம் போகாதே" என்று நம் ஆட்கள் உங்களிடம் முதல் வாரமே சொல்வார்கள். டன்பர் வாழ்ந்த வீடு மேற்கு டேட்டனில் இருக்கிறது. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடைக் கட்டடமும் அங்கேதான், வில்லியம்ஸ் தெருவில். இரண்டும் தேசியப் பூங்காவின் பகுதி. பீவர்கிரீக், சென்டர்வில் போன்ற புறநகர்களில் இருபது வருடமாக வீடு வாங்கிக் குடியிருப்பவர்கள், ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால். டன்பர் வீட்டு வாசலை மிதித்தவர் அவர்களில் எத்தனை பேர்? கறுப்பின மக்கள் வாழும் தெரு என்பதற்காகவே ஒதுக்குகிறார்கள். ஊரில் எந்தத் தெருவுக்குள் யார் போகக்கூடாது என்று வகுத்து வைத்திருந்தோமோ, அதே கணக்கை மூட்டை கட்டி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம். இதைச் சொன்னால் கோயிலில் என்னிடம் முகம் திருப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் சொல்லாமல் இருக்க முடியாது.

இரண்டாவது எச்சரிக்கை, பெயர் பற்றி. உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால், விசா எடுப்பதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள்; முன்பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டு வளர்ந்த நமக்கு இது தீராத தொல்லை. என் முதல் அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது. வங்கியிலும் மருத்துவரிடமும் என்னை 'ஃப்னூ' என்று கூப்பிட்டார்கள். அதைத் திருத்த எனக்கு நான்கு வருடம் ஆனது. சுருக்கிக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நீங்களாக உங்கள் பெயரை வெட்டிக் கொடுக்காதீர்கள்.

இதிலும் டேட்டன்காரர் ஒருவர் உண்டு. மார்ட்டின் ஷீன் என்ற நடிகர் 1940இல் இங்கே பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ரமோன் எஸ்தேவெஸ். அப்பா ஸ்பெயின் நாட்டின் கலீசியாவிலிருந்து வந்தவர், அம்மா அயர்லாந்துக்காரர், பத்துப் பிள்ளைகள். அப்பாவுக்கு என்.சி.ஆர். தொழிற்சாலையில் வேலை. மகன் நியூயார்க் போய் வாய்ப்புத் தேடியபோது ஸ்பானியப் பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்டதால் மேடைக்கென்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். சட்டப்படி மாற்றவே இல்லை. அப்படிச் செய்ததற்காக வருந்துவதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மூத்த மகன் எமிலியோ தாத்தாவின் பெயரிலேயே நடித்தார். என் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். இருவரும் இன்று முழுப் பெயரோடு இருக்கிறார்கள்.

என்.சி.ஆர். என்றேன் அல்லவா, கடைக் கல்லாவில் இருக்கும் இயந்திரம் பிறந்ததே இந்த ஊரில்தான். ஜேம்ஸ் ரிட்டி என்பவர் இங்கே மதுக்கடை வைத்திருந்தார். வேலையாட்கள் காசை மடியில் கட்டிக்கொண்டு போவதைத் தடுக்க, 1879இல் சகோதரர் ஜானோடு சேர்ந்து விற்பனையைக் கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கினார். அந்தத் தொழிலை ஜான் பேட்டர்சன் வாங்கி 1884இல் தொடங்கியதுதான் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம். பேட்டர்சன் கடுமையான மனிதர். போட்டியாளர்களை நசுக்கிய வழக்கில் 1913 பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தார்கள். அடுத்த மாதமே கிரேட் மியாமி ஆறு ஊரை மூழ்கடித்தது. தொழிற்சாலையை நிறுத்தி, ஆட்களை வைத்துக் கிட்டத்தட்ட 300 தட்டைப் படகுகளைச் செய்து இறக்கியவர் அதே பேட்டர்சன்தான். தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் ரத்தானது. வெள்ளத்துக்குப் பிறகு ஊர் மக்கள் தங்கள் பணத்தைப் போட்டு ஐந்து அணைகள் கட்டினார்கள். சாதாரண நாளில் தண்ணீரே தேக்காத அணைகள், வெள்ளத்துக்கென்று மட்டும் கட்டியவை. காவிரிக் கரையில் பிறந்தவள் என்பதால் எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க ஆசை அடங்காது.

2004இல் பச்சை அட்டை வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பது. பதினான்கு மாதம் நின்றேன். எம்.எஸ்சி. படித்துவிட்டு இதற்கா வந்தாய் என்று ஒரு பொங்கல் விழாவில் நாலு பேர் கேட்கச் சொன்னார் ஒருவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறகு நான் உட்கார்ந்ததில்லை. பகலில் கல்லா, இரவில் ஆசிரியர் தகுதிப் படிப்பு. இன்று பன்னிரண்டு வருடமாக இதே ஊரின் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். உங்களுக்கும் முதல் வேலை படிப்புக்கேற்றதாக அமையாமல் போகலாம். விசா விதி எதை அனுமதிக்கிறது என்று மட்டும் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பணம் தருகிறேன் வா என்று கூப்பிடுகிற நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் போகாதீர்கள். மாட்டினால் நாட்டைவிட்டுப் போக வேண்டியவர் நீங்கள்தான், அவர் இல்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்கிறேன். ஜனவரிக் காலையில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்புகிறதே, முன்பு அதைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அதை மாற்றிய மின் தொடக்கியை இங்கே உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங், அது 1912 காடிலாக் கார்களில் வந்தது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 பந்தயங்களில் தோற்காத எட்வின் மோசஸ் இந்த ஊர்ப் பிள்ளை. கல்லூரிக்கு அவர் போனது படிப்புக்கான உதவித்தொகையில். அந்தக் கல்லூரியில் ஓட்டப் பாதையே கிடையாது. எர்மா பாம்பெக் சென்டர்வில்லில் மூன்று பிள்ளைகளை வளர்த்த இல்லத்தரசி. 1964இல் உள்ளூர்த் தாளில் பத்திக் கட்டுரை ஒன்றுக்கு 3 டாலருக்கு எழுதத் தொடங்கி, நாடு முழுவதும் 900 செய்தித்தாள்கள் வரை போனார். துணி துவைப்பதையும் பிள்ளைகளின் சண்டையையும் எழுதத் தகுந்த பொருளாக மதித்தவர், அதனால் எனக்கு நெருக்கமானவர்.

ரைட் சகோதரர்களைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் வட கரோலினாக் கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக். 1903இல் அங்கே முதலில் பறந்தது 12 விநாடி. வளையவும் திரும்பவும் இறங்கவும் கற்றுக்கொண்டது டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் மேய்ச்சல் நிலத்தில். 1905 அக்டோபரில் வில்பர் அங்கே 39 நிமிடம் சுற்றிச் சுற்றிப் பறந்தார். அதற்கு முந்தைய வருடம் அங்கே அவர்கள் பறந்ததை நேரில் பார்த்து முதலில் விரிவாக எழுதியது ஒரு தேனீ வளர்ப்புப் பத்திரிகை. அந்த நிலம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அவர்களுடைய குடும்ப ஆவணங்கள் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சீனியர்களைக் கேளுங்கள், அவர்களில் ஒருவராவது போய்ப் பார்த்திருக்கிறாரா என்று. ரைட் சகோதரர்களின் தங்கை கேத்தரின் பட்டம் பெற்றவர், லத்தீன் ஆசிரியர். 1908இல் ஆர்வில் விபத்தில் சிக்கியபோது வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். ஐம்பது வயது கடந்து அவர் திருமணம் செய்துகொண்டதும் அதே ஆர்வில் பேச்சை நிறுத்திவிட்டார். மரணப் படுக்கையில்தான் பார்க்கப் போனார். ஒரு ஆசிரியராக எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

செத்துப்போன ஊர் என்கிறார்கள். அடி வாங்கிய ஊர் என்பது உண்மை. 1960இல் 2,62,000 பேர் இருந்தார்கள், 2020இல் 1,37,000. பக்கத்து ஊரான மொரைனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2008 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூடியது. என்.சி.ஆர். 2009இல் ஜார்ஜியாவுக்குப் போகிறோம் என்றது. அந்த வருடம் எங்கள் தெருவில் மூன்று வீடுகள் பூட்டப்பட்டன. ஆனால் 2011இல் இதே ஊர்தான், வந்தேறிகளை வரவேற்கிறோம் என்று நகராட்சியில் ஒரு திட்டத்தையே நிறைவேற்றியது. ஸ்டாலின் காலத்தில் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட இனத்தவரான அஹிஸ்கா துருக்கியர்கள் வடக்கு டேட்டனில் பாழடைந்த வீடுகளை வாங்கிக் கூரை மாற்றி வெள்ளையடித்துக் குடியேறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்டில் வந்ததும் எழுதுங்கள், தம்பி. முதல் சனிக்கிழமை நானே காரில் வந்து அழைத்துப் போகிறேன். டன்பர் வீடு, சைக்கிள் கடை, பிறகு வுட்லண்ட் கல்லறைத் தோட்டம். ரைட் குடும்பமும் டன்பரும் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறார்கள். எர்மா பாம்பெக் கடைசியில் அரிசோனாவுக்குக் குடிபோனவர், இருந்தாலும் அங்கிருந்து ஒரு பெரும்பாறையைக் கொண்டுவந்து அவருடைய தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். மேட்டிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.